நாட்டு என்னும் அடைமொழி

திண்டுக்கல் நகரத்துக் கடைவீதிகளில் இன்று மிகுதியாகக் கண்ணிற்படும் சொற்களுள் ஒன்று ‘நாட்டு’ என்பது. நாட்டுக்கோழி, நாட்டுக்கோழி முட்டை, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து, நாட்டுத் தக்காளி, நாட்டு மாட்டுப் பால் எனப் பலகைதோறும் அது அமர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் இச்சொல் சற்று இளக்காரமாகவே வழங்கிற்று. ‘நாட்டுப்புறத்தான்’ என்றால் நாகரிகம் அறியாதவன். ‘நாட்டு வைத்தியம்’ என்றால் டாக்டரிடம் போக வசதியற்றவன் நாடுவது. ‘நாட்டு ஓடு’ என்றால் சீமை ஓடு வேயப் பணமில்லாத வீடு. இன்றோ நிலை தலைகீழாகிவிட்டது. இவ்வடைமொழி முன்னே நின்றால் பண்டத்தின் விலை ஏறுகிறது. வாங்குவோர் மனத்தில் ஒரு மரியாதையும் தோன்றுகிறது.

ஒரு சொல்லின் மதிப்பு ஏறுவதில் நமக்கு வருத்தமில்லை. அதனுடன் சேர்ந்து ஏறிவரும் ஓர் எண்ணமே நம்மை எழுதத் தூண்டுகிறது. ‘நாட்டு’ என்றால் இந்த மண்ணிலேயே தோன்றியது, ஆகவே தூயது. மற்றது வெளியிலிருந்து வந்தது, ஆகவே கலப்பு. இவ்வாறு எண்ணும் வழக்கம் பெருகி வருகிறது. கோழியோடும் முட்டையோடும் நின்றுவிட்டால் இதனால் பெருங்கேடு ஏதுமில்லை. ஆனால் பண்டத்துக்கு வைத்த அளவுகோலை மனிதனுக்கும் வைத்துப் பார்ப்போர் எக்காலத்தும் உண்டு. இன்னார் இந்நாட்டார், இன்னார் வந்தேறிகள் என்று பிரிக்கும் பேச்சில் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அடிக்கடி எதிர்வாதியாக நிறுத்தப்படுகிறோம். அப்பேச்சு தனக்குத் துணையாக அழைப்பது ‘நாடு’ என்னும் சொல்லை. ஆகவே அச்சொல்லையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, அது உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்பது தகும்.

முதலில் இலக்கணம். ‘நாடு’ என்பது நெடிற்றொடர்க் குற்றியலுகரம். மற்றொரு பெயரோடு சேருங்கால் டகர ஒற்று இரட்டித்து ‘நாட்டு’ என நிற்கும். ஆடு ஆட்டுப்பால் என்றும், வீடு வீட்டுக்கதவு என்றும் ஆவதைப் போல. எனவே ‘நாட்டு’ தனியே ஒரு பண்பைக் குறிக்கும் சொல்லன்று. அதனுள் ஒரு வேற்றுமை உருபு மறைந்து கிடக்கிறது. ‘நாட்டுக்கோழி’ என்பதை ‘நாட்டினது கோழி’ என ஆறாம் வேற்றுமையாக விரிக்கலாம். ‘நாட்டின்கண் வளரும் கோழி’ என ஏழாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். ஆறாவதன் பொருள் கிழமை, அதாவது உரிமை. ஏழாவதன் பொருள் இடம். ‘இந்நாட்டில் தோன்றிய’ என்று விரிப்பவர், சொல்லில் இல்லாத ஒரு வினையைத் தாமே கொண்டுவந்து சேர்க்கிறார். வீட்டுக்கதவு வீட்டில் முளைத்ததன்று. தச்சர் செய்து கொணர்ந்து பொருத்தியது. பொருத்தப்பட்ட பின் அது வீட்டினுடையது.

இனி ‘நாடு’ என்பதன் பழம்பொருளைக் காண்போம். இன்று நாடு என்றதும் எல்லைக்காவலும் கொடியும் கொண்ட தேசம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அது காட்டுக்கு மறுதலையாக நின்ற சொல். மனிதர் திருத்திக் குடியேறிப் பயிர்செய்யும் நிலம் நாடு, திருத்தாதது காடு. ‘காடு கெடுத்து நாடாக்குதல்’ என்பது அரசர்க்குரிய செயலாகப் பேசப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறு பிரிவு. ஊருக்கு மேல் நாடு, நாட்டுக்கு மேல் வளநாடு, அதற்கும் மேல் மண்டலம் என்று முதலாம் இராசராசன் காலத்து நிருவாகம் அடுக்கப்பட்டிருந்தது. நாட்டின் அவையினர் ‘நாட்டார்’ எனப்பட்டனர். பேராசிரியர் எ. சுப்பராயலு சோழநாட்டின் அரசியல் நிலவியலைப் பற்றி 1973-இல் வெளியிட்ட நூலில் இந்நாடுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வரைபடத்தில் காட்டினார். அவற்றைக் காணும்போது ஒன்று விளங்குகிறது. உழவால் ஒன்றுபட்ட ஊர்களின் கூட்டமே நாடு. அதில் யார் எங்குப் பிறந்தார் என்னும் வினாவைவிட, யார் அந்நிலத்தை உழுது, அந்நீரைப் பங்கிட்டு, அவ்வரியைக் கட்டுகிறார் என்னும் வினாவே பெரிது.

அடுத்து ஓர் உண்மை. ‘நாட்டு’ என்பது எதிர்ச்சொல் இன்றித் தனித்து வாழாதது. பண்ணைகளில் வளரும் பிராய்லர் கோழி வரும்வரை திண்டுக்கல் சமவெளியில் நாட்டுக்கோழி என்று ஒன்று இருந்ததில்லை. கோழி மட்டுமே இருந்தது. ஆங்கில மருத்துவம் வந்த பின்னரே பாட்டியின் மருந்து ‘நாட்டு மருந்து’ ஆயிற்று. ஆலையில் வெளுத்த சர்க்கரை வந்த பின்னரே பழுப்புச் சர்க்கரைக்கு ‘நாட்டுச் சர்க்கரை’ என்று பெயர் வைக்க நேர்ந்தது. நம் பகுதியில் வெள்ளைச் சர்க்கரையைச் ‘சீனி’ என்கிறோம். சீன தேசத்தோடு தொடர்புடைய பெயர் அது. ஆக, ‘நாட்டு’ என்பது பண்டத்தைப் பற்றிய செய்தி என்பதைவிட, அதன் பக்கத்தில் புதிதாக வந்து நின்ற வேறொரு பண்டத்தைப் பற்றிய செய்தி எனலாம்.

அந்த எதிர்ச்சொல் நெடுங்காலம் ‘சீமை’யாக இருந்தது. சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்பு, சீமைப் பசு, சீமை எண்ணெய் என்ற வழக்குகளை முதியோர் அறிவர். சீமை என்றால் இங்கிலாந்து. பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர் ‘சீமைக்குப் போனவர்’. ஆனால் இச்சொல் வடமொழியில் ‘எல்லை’ என்னும் பொருளுடைய ‘சீமா’ என்பதிலிருந்து வந்தது. எல்லையைக் குறித்த சொல் எல்லைக்குட்பட்ட நிலப்பகுதியைக் குறிக்கலாயிற்று. சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை, திண்டுக்கல் சீமை என்றெல்லாம் பாளையக்காரர் காலத்தில் வழங்கியது இப்பொருளில்தான். கவிஞர் கண்ணதாசன் 1959-இல் எடுத்த ‘சிவகங்கைச் சீமை’ என்ற திரைப்படத்தின் பெயரில் சீமை என்பது நம் சொந்த மண். ‘சீமைத்துரை’ என்பதிலோ அது கடல்கடந்த அயல்மண். ஒரே சொல் தன் ஊரையும் அயலூரையும் குறித்து நின்ற விந்தை இது. சொந்தம், அயல் என்னும் பிரிவு சொல்லின் வேரில் இல்லை. சொல்பவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இதற்கு ஒப்பான பயணத்தை ஓர் அரபுச் சொல்லும் செய்திருக்கிறது. ‘விலாயத்’ என்பதற்கு ஆட்சி, ஆட்சிக்குட்பட்ட மாகாணம் என்பன பொருள். பாரசீக வழியாக இந்தியாவுக்கு வந்த அச்சொல் இந்துஸ்தானியில் முதலில் ஈரானையும் அதற்கப்பாலுள்ள நாடுகளையும், பின்னர் இங்கிலாந்தையும் குறித்தது. ‘விலாயத்தி’ என்றால் சீமைச்சரக்கு. ‘தேசி’ என்றால் நாட்டுச்சரக்கு. அச்சொல்லை இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் தம் நாவுக்கேற்பத் திரித்து, தம் தாய்நாட்டுக்கே ‘பிளைட்டி’ என்று செல்லப்பெயர் வைத்துக்கொண்டனர். இந்தியன் அயல்நாடு என்ற பொருளில் சொன்ன சொல், ஆங்கிலேயன் வாயில் சொந்த வீடு என்ற பொருளைப் பெற்றுவிட்டது.

அரபு மொழியிலேயே ‘நாட்டு’ என்பதற்கு நேரான சொல் ‘பலதீ’. ‘பலத்’ என்றால் ஊர், நாடு. திருக்குர்ஆனின் 90-ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்பலத்’ என்பதே பெயர். எகிப்தில் அன்றாடம் உண்ணும் ரொட்டி ‘ஐஷ் பலதீ’. அங்கும் பண்ணைக்கோழி வந்த பின்னர், பழைய கோழி ‘பலதீ’ கோழியாயிற்று, பண்ணைக்கோழி ‘வெள்ளைக்கோழி’யாயிற்று. ‘பலதீ’ என்பது அங்கும் சிலர் வாயில் ‘பட்டிக்காட்டுத்தனம்’ என்னும் ஏளனமாகவும், சிலர் வாயில் ‘கலப்படமற்றது’ என்னும் புகழ்ச்சியாகவும் இருபக்கமும் ஒலிக்கிறது. வான்கோழியை எகிப்தியர் ‘ரூமீ’ சேவல் என்பர். ரோம நாட்டுச் சேவல் என்பது பொருள். வான்கோழியோ அமெரிக்கக் கண்டத்துப் பறவை. பிறப்பிடத்தை அறிந்து சொன்ன பெயர் அதுவும் அன்று.

இச்சொற்கள் பிறப்பைக் குறிப்பதில் எவ்வளவு கவலையற்றவை என்பதை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நேரிலேயே காணலாம். அங்கும் நம் அடுக்களைகளிலும் காய்கள் ‘நாட்டுக்காய்’ என்றும் ‘இங்கிலீஷ் காய்’ என்றும் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் ஆகியன இங்கிலீஷ் காய்கள். கத்தரி, அவரை, புடல், பறங்கி, சர்க்கரைவள்ளி முதலியன நாட்டுக்காய்கள். இவற்றுள் பறங்கிக்காயைப் பாருங்கள். போர்ச்சுகீசியரைக் குறித்த ‘பறங்கி’ என்னும் பெயரை அது நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அப்பெயரும் ‘ஃபிரஞ்சி’ என அரபியர் ஐரோப்பியரை அழைத்ததன் திரிபே. பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில், பெயரோ பறங்கி, இருந்தும் அதனை நாட்டுக்காய் வரிசையில் வைக்க நம் பெண்மக்கள் தயங்கியதில்லை. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. மிளகாயும் அங்கிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்தது. அதற்கு ஒட்டுப்பெயர்கூட வைக்காமல், மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் வீட்டுப் பெயரையே வைத்து உள்ளே அழைத்துக்கொண்டோம்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விளையும் மக்காச்சோளத்துக்கும் இதே கதைதான். மெக்சிகோவில் மனிதர் பயிராக்கிய தானியம் அது. அதன் பெயரை மக்கா நகரோடு இணைத்துக் கூறுவது பொதுவான விளக்கம். மேற்கிலிருந்து கடல்வழி வந்த பண்டத்தை மக்காவிலிருந்து வந்ததாக மக்கள் கருதினர் போலும். ஐரோப்பியர் சிலர் அதே தானியத்தைத் ‘துருக்கித் தானியம்’ என்றனர். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் குவியும் செண்டுமல்லிக்குப் பழைய பெயர் ‘துலுக்கச் சாமந்தி’. அதுவும் மெக்சிகோவின் மலர். துலுக்கருக்கும் அதற்கும் பிறப்புறவு ஏதுமில்லை. அயலிலிருந்து வந்ததென்றால் துலுக்கப் பெயரை வைத்துவிடுவது ஒரு வழக்கமாக இருந்திருக்கிறது. இன்று அப்பூவை மாலையாகக் கட்டித் தெய்வத்துக்குச் சூட்டுவோர் அதன் குடிவழியைக் கேட்பதில்லை. கேட்காததே அழகு.

மறுபுறம், நத்தம் பகுதிப் புளியை நோக்குவோம். புளியைவிடத் தமிழ்ச் சமையலுக்கு நெருங்கிய பொருள் ஒன்றைச் சொல்வது அரிது. அரபியர் அதனைத் ‘தம்ர் ஹிந்தீ’, இந்தியப் பேரீச்சம்பழம் என்றனர். அதனின்று ஆங்கிலப் பெயரும், 1753-இல் லின்னேயஸ் சூட்டிய தாவரவியல் பெயரும் வந்தன. அப்பெயரிலும் ‘இந்திய’ என்னும் அடைமொழி இருக்கிறது. ஆனால் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலார் முடிவு. வரலாற்றுக்கு எட்டாத காலத்தில் வந்து, பிறர் நம்மை அழைக்கும் பெயரையே தனக்குப் பெயராகப் பெற்றுவிட்டது ஒரு மரம்.

எல்லாவற்றினும் தெளிவான சாட்சி தக்காளி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியைப் பழைய வழக்கில் ‘சீமைத் தக்காளி’ என்றனர். தக்காளி என்னும் பெயர் அதற்கு முன்னரே இங்கிருந்த சிறுகனிச் செடிகளுக்கு வழங்கி வந்தது, மணித்தக்காளி அவ்வினத்தது. காலப்போக்கில் புதியது ‘சீமை’யை உதறிவிட்டு வெறும் தக்காளியாயிற்று. பின்னர்ச் சந்தைக்குத் தடித்த தோலுடைய ஹைப்ரிட் தக்காளி வந்தது. உடனே பழைய தக்காளி ‘நாட்டுத் தக்காளி’ ஆகிவிட்டது. சீமையாக வந்து நாடாக ஆன ஒரு பொருளை நம் கண்முன்னே காண்கிறோம்.

‘நெடுங்காலம் ஆனால் எதுவும் நாட்டுப்பொருள் ஆகிவிடும் என்பதுதானே உங்கள் கருத்து?’ என்று ஒருவர் கேட்கலாம். அதுவன்று. சீமைக்கருவேலத்தை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்து மரமாகிய அது 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்குள் கொணரப்பட்டது. திண்டுக்கல் சமவெளியின் குளங்களிலும் ஓடைகளிலும் அது தானாகவே முளைத்துத் தழைக்கிறது. வயதிலும் எண்ணிக்கையிலும் அதற்குக் குறைவில்லை. இருந்தும் மக்கள் அதன் பெயரிலிருந்து ‘சீமை’யை நீக்கவில்லை. நம் கருவேலத்திலிருந்து பிரித்தறிய வேண்டியதும் ஒரு காரணம். ஆனால் தக்காளிக்கும் அத்தேவை இருந்ததே! அங்குப் பழைய இனம் ‘மணித்தக்காளி’ என்று அடைமொழி தாங்க, புதியது வெறும்பெயரைப் பெற்றது. இங்கு அவ்வாறு நிகழவில்லை. விறகும் கரியும் தந்தாலும் அம்மரம் பிற செடிகளை ஒதுக்கிவிட்டு நிலத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. தக்காளியையோ மனிதர் விதை எடுத்து வைத்தனர், பருவம் பார்த்து நட்டனர், குழம்பில் இட்டனர். இரண்டின் வேறுபாடு இதுவே. காலம் மட்டும் உரிமை தருவதில்லை. கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்த வாழ்க்கையே உரிமை தருகிறது. மக்கள் வழக்கு இதனை எந்தப் பண்டிதரிடமும் கேட்காமல் அறிந்து வைத்திருக்கிறது.

இவ்வாறு நோக்கினால், இன்றைய வணிகம் இச்சொல்லைக் கையாளும் முறையில் இரண்டு குறைகளைக் காண்கிறோம். ஒன்று, ‘நாட்டு’ என்பதைத் தூய்மையின் முத்திரையாக்குவது. வனராஜா, கிராமப்பிரியா ஆகியன ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட இனங்கள். புறக்கடையில் வளர்க்க ஏற்றவை, உழவர்க்குப் பயன்படுபவை. அவற்றை அப்பெயராலேயே விற்பதில் இழுக்கில்லை. ‘நாட்டுக்கோழி’ என்று மறைத்து விற்பதிலேயே இழுக்கு இருக்கிறது. இரண்டு, அச்சொல்லிலிருந்து உழைப்பை நீக்கிவிட்டுப் பிறப்பை மட்டும் பேசுவது. நம் சட்டம்கூட அவ்வாறு பேசவில்லை. 1999-இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு பொருளின் தன்மையும் நற்பெயரும் அது விளையும் அல்லது செய்யப்படும் இடத்தோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்கிறது. அதன் மூதாதை எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. சிறுமலை வாழை, விருப்பாட்சி வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு ஆகியன அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. பூண்டின் தாயகம் மத்திய ஆசியா. அதனால் கொடைக்கானல் பூண்டின் உரிமை குறைந்துவிடவில்லை. மதுரைச் சுங்குடிக்கும் அக்குறியீடு உண்டு. அதனைப் புகழ்பெறச் செய்த நெசவாளர் சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறி, இன்றும் தம் தாய்மொழியை வீட்டில் பேசி வருபவர்கள். திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள சின்னாளபட்டியும் சுங்குடிக்குப் பெயர்பெற்ற ஊர்.

இதே பிழை இலக்கியத் திறனாய்விலும் புகுந்திருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் குறித்து நெடுநாளாகக் கூறப்படும் ஒரு குறை உண்டு. விலாதத்துக் காண்டத்து நாட்டுப் படலத்தில் அவர் அரபு நாட்டைப் பாடுகிறார். அங்கே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல்கள் விளைகின்றன. மணல்வெளியை மருதநிலமாக்கியது இயற்கைக்கு முரண் என்பர் சிலர். வேறு சிலர், இஸ்லாம் இம்மண்ணில் ஒட்டாதது என்பதற்கு இதனையே சான்றாக்கி, ஒட்டாத பொருளைத் தமிழ் ஆடை உடுத்திக் காட்டினார் என்பர். இரு சாராரும் நாட்டுப் படலம் என்பது எதற்காக ஏற்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர். கம்பர் நேரிற் காணாத கோசலத்தைப் பாடியபோதும் நாட்டுப் படலம் பாடினார். அதிற் பாய்வது சரயு எனினும் விளைவது சோழநாட்டு நெல். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடியபோதும் அவ்வாறே செய்தார். காப்பியத்தில் நாட்டுப் படலம் நிலநூல் அன்று. தலைவன் பிறக்கும் நிலத்தை, கேட்பவன் தன் நிலமாக உணரும்படி செய்யும் சடங்கு அது. அயலதை நாடாக்குவதே அதன் தொழில்.

எனினும் இம்மரபுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மழையும் வயலும் நிறைந்த வருணனையில், பாலையின் வறட்சியில் ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்பது நாட்டுப் படலத்தில் மறைந்துவிடுகிறது. ஆனால் உமறு அதனை அறியாதவரல்லர். ஷாம் தேசத்துப் பயணத்தைக் கூறும் பகுதியில் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ வருகிறது. அங்கே பாலைவனம் தன் வெம்மையோடு நிற்கிறது. அதற்கு அவர் இட்ட பெயரைக் கவனிக்க வேண்டும். ‘சுரம்’ என்பது சங்கச் சான்றோர் பாலைத்திணைக்கு வழங்கிய சொல். வளத்தைப் பாடுங்கால் மருதத்தையும் வறட்சியைப் பாடுங்கால் பாலையையும் கையாண்டு, அரபு நிலத்தின் இரு முகங்களையும் தமிழ்த் திணைகளுக்குள் அடக்கியிருக்கிறார். இதனை ஒட்டுவேலை என்பவர், மிளகாய் என்னும் பெயரையும் ஒட்டுவேலை என்று சொல்லட்டும்.

புலவர்கள் மட்டும் செய்த பணியன்று இது. தமிழ் முஸ்லிம்களின் அன்றாடச் சொற்களைப் பாருங்கள். வடக்கே ‘நமாஸ்’ என்பதை நாம் தொழுகை என்கிறோம். ‘ரோஜா’ என்பதை நோன்பு என்கிறோம். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றும், ஈதைப் பெருநாள் என்றும் அழைக்கிறோம். நோன்பு என்பதும் பள்ளி என்பதும் சமணரும் பௌத்தரும் வழங்கிய பழஞ்சொற்கள். அவற்றை ஏற்றுக்கொள்ள நம் முன்னோர் கூசவில்லை. மறுபுறம், அரபு எழுத்தில் தமிழ் எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். மொழியின் இரு கரையிலும் பாலம் கட்டியவர்கள் அவர்கள்.

இவ்வளவும் கூறிய பின், மனிதரைப் பற்றிய வழக்குக்கு வருவோம். முதற்குறையை நம்மவரிடத்தே கூறுதல் நேர்மை. நம்முள்ளும் சிலர், தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதையே பெருமையாகக் கொண்டு, இம்மண்ணிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர் வழியினரை ஒரு படி தாழ்த்திப் பேசுவதுண்டு. ‘சீமைச்சரக்கு உயர்ந்தது’ என்னும் பழைய மயக்கத்தின் மறுவடிவம் இது. பிறப்பால் உயர்வில்லை என்னும் மார்க்கத்தில் இருந்துகொண்டு இவ்வாறு பேசுவோர், வெளியிலிருந்து வரும் ‘வந்தேறி’ என்னும் வசைக்குத் தாமே கதவு திறந்து விடுகின்றனர். வந்தவர் என்பது பெருமையானால், வந்தவர் என்பது பழியாகவும் ஆகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்வை நோக்குவோம். பிறந்தது மக்கா. 622-இல் மதீனாவுக்குப் பெயர்ந்தார்கள். 630-இல் மக்கா அவர்கள் வசமாயிற்று. பிறந்த ஊருக்கே திரும்பிவிடத் தடையேதும் இருக்கவில்லை. ஆனால் அவர்கள் மதீனாவுக்கே திரும்பினார்கள். 632-இல் அங்கேயே மறைந்து, அங்கேயே அடக்கமானார்கள். யத்ரிப் என்ற அவ்வூர் ‘நபியின் நகரம்’ என்னும் பெயரைப் பெற்றது. தம்மை ஏற்றுக்கொண்டு, தம்மோடு உழைத்த ஊர் தம் ஊர் என்பதை அவர்கள் செயலால் காட்டினார்கள்.

திண்டுக்கல்லும் இதற்கு அயலான ஊரன்று. 1755-இல் மைசூரின் பௌஜ்தாராக ஹைதர் அலி இங்கு வந்தார். நாயக்கர் எழுப்பிய மலைக்கோட்டையில் அவர் காலத்திலும் அவர் மைந்தர் திப்பு சுல்தான் காலத்திலும் படைகள் தங்கின. சிவகங்கைச் சீமையை இழந்த வேலு நாச்சியார் இப்பகுதியில் புகலடைந்து ஹைதரின் துணையைப் பெற்றது நாடறிந்த செய்தி. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் பள்ளிவாசலைச் சூழ்ந்த பகுதி பேகம்பூர் என வழங்குகிறது. பேகம் என்பது துருக்கிச் சொல். பூர் என்பது ‘புரம்’ என்னும் வடமொழிச் சொல்லின் வழிவந்தது. அப்பெயரை அன்றாடம் உச்சரிக்கும் எவரும் இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. 1957-இல் நாகசாமி நாயுடு இந்நகரில் தொடங்கிய கடையால் புகழ்பெற்ற பிரியாணியும் அவ்வாறே. பெயர் பாரசீகம், அரிசி சீரகச் சம்பா, அடைமொழி திண்டுக்கல். ‘சுதேசி’ என்னும் சொல் தென்னாட்டில் ஓங்கி ஒலித்த 1906-இல், வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் முதன்மையான பங்குதாரர்களுள் ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவர். அன்று சுதேசி யார் என்பதைப் பணமும் துணிவும் தந்தவர் பட்டியலே காட்டிற்று.

ஆகவே நம் வேண்டுகோள் சிறிது. அகராதி தொகுப்போர் ‘நாட்டு’ என்பதற்கு ‘உள்நாட்டில் உண்டான’ என்று மட்டும் பொருளெழுதி நிறுத்துவது போதாது. ‘ஓரிடத்தாரின் உழைப்பிலும் உணவிலும் பழக்கத்திலும் கலந்து அவ்விடத்துக்கு உரியதாகிவிட்ட’ என்ற பொருளையும் சேர்த்து எழுத வேண்டும். நாட்டுத் தக்காளியை எடுத்துக்காட்டாகத் தர வேண்டும். திறனாய்வாளர் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ‘வந்த இலக்கியம்’ என ஒதுக்குமுன் நாட்டுப் படலத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். நம்மைப் பார்த்து ‘எங்கிருந்து வந்தீர்கள்?’ என்று கேட்போருக்கு வமிச வரலாறு காட்டி வாதிட வேண்டியதில்லை. அவர்கள் வீட்டுக் குழம்பில் இருக்கும் புளியும் மிளகாயும் தக்காளியும் எங்கிருந்து வந்தன என்று அமைதியாகக் கேட்டால் போதும். மிஞ்சும் வேலை நம்முடையது. இந்நிலத்துக்கு நாம் கொடுப்பது, அதனிடம் பெறுவதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது.